மாகானா? மகனா?

போன மாசம் ஏனாத்தூர் போயிருந்தப்போ சித்தப்பா ஒரு பழைய சிடியை நீட்டினார். 2003-ல் அவரே டைப் பண்ணி வச்ச தறிக் கணக்காம். "நீதான் கம்ப்யூட்டர் இஞ்சினியராச்சே, திறந்து குடுடா." திறந்தா தலையில கொம்பும் புள்ளியும் வச்ச ஐரோப்பிய எழுத்துகள்! வைரஸ்னு பயந்துட்டார் மனுஷன். கோப்பு நல்லாத்தான் இருந்துச்சு. அது திஸ்கி, அவ்வளவுதான். யூனிகோடுக்கு மாத்தினதும் பாவு, கூலி, பாக்கி எல்லாம் வரிசையா வந்து நின்னுது.

இதே கூத்து நம்ம மொழியோட மிகப் பழைய எழுத்துக்கும் நடந்திருக்கு மக்களே.

மதுரைப் பக்கம் மாங்குளம் மலையில இருக்கிற குகைக் கல்வெட்டுகளை 1882-ல் ராபர்ட் சீவெல் கவனிச்சார். எழுத்து பிராமி. பிராமின்னா பிராகிருதமாத்தான் இருக்கணும்னு ஒரு நினைப்பு. அப்படிப் படிச்சா பொருளே சரியா வரலை. 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் முடிச்சை அவிழ்த்தார். பிராகிருதத்துக்குத் தேவையான வர்க்க எழுத்துகள் இதுல காணோம். ஆனா ழ, ள, ற, ன இருக்கு. அப்போ மொழி தமிழ்!

இன்னொரு சிக்கல், உயிர்க்குறி. வழக்கமான பிராமியில குறி எதுவும் இல்லாத எழுத்து 'க'. பக்கத்துல ஒரு கோடு போட்டா 'கா'. மாங்குளத்துல குறி இல்லாதது 'க்'. கோடு போட்டா 'க' அல்லது 'கா'. பழைய விதிப்படி 'மாகான'ன்னு படிச்சது உண்மையில 'மகன்'! பாறையில ஒரு கீறல்கூட மாறலை. மாறினது படிக்கிற அட்டவணை மட்டும்தான். 1960-களில் இந்த விதிகளை ஒழுங்குபடுத்தி, மாங்குளத்துல நெடுஞ்செழியன் பேரைப் படிச்சுக் காட்டினவர் ஐராவதம் மகாதேவன். தொழில்முறைக் கல்வெட்டு ஆய்வாளர் இல்லை, ஐ.ஏ.எஸ். அதிகாரி.

கிரேக்கத்துலயும் இதே கதைதான். 1900-ல் கிரீட் தீவுல ஆர்தர் ஈவான்ஸ் களிமண் பலகைகளைத் தோண்டி எடுத்தார். அதுல இருந்த 'லீனியர் பி' எழுத்து கிரேக்கம் இல்லைன்னு கடைசி வரைக்கும் நம்பினார். 1952-ல் அதைக் கிரேக்கம்னு கண்டுபிடிச்ச மைக்கேல் வென்ட்ரிஸ்கூட முதல்ல எட்ருஸ்கன்னுதான் நினைச்சிருந்தார். அவர் தொழிலோ கட்டடக்கலை! அங்கயும் எழுத்து விதிதான் கண்ணைக் கட்டிச்சு. வெண்கலத்துக்கு கிரேக்கச் சொல் 'கல்கோஸ்'; பலகையில இருக்கிறது 'கா-கோ'. ல், ஸ் ரெண்டையும் எழுத மாட்டாங்க.

ரெண்டு இடத்துலயும் தடையா இருந்தது எழுத்து மட்டும் இல்லை, "இது இந்த மொழியா இருக்க வாய்ப்பே இல்லை"ங்கிற முடிவு. ஒரு பக்கை நாள் கணக்கா தேடிட்டு, கடைசியில நாமளே சரின்னு வச்சிருந்த இடத்துல பிடிச்சிருப்போமே, அதேதான்.

அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சதுல காவியமா இருந்துச்சு? கிரேக்கப் பலகைகள்ல ஆட்டுக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு. நம்ம அழகர்மலை குகையில தானம் குடுத்தவங்க பட்டியல்: பொன்கொல்லன், உப்பு வணிகன், அப்புறம் அறுவை வணிகன். அறுவைன்னா துணிங்க! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின துணி வியாபாரி.

இதைச் சொன்னதும் சித்தப்பா கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்: "அவன் பாக்கி வசூல் பண்ணானாமா?"

உங்க பழைய சிடிகளையும் ஒருதரம் திறந்து பாருங்க. குப்பைன்னு மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.