மட்டையின் கழுத்து

மண்வெட்டியின் காம்பு கழன்றுவிட்டால் என் பாட்டனார் ஆசாரியைத் தேடிப் போகமாட்டார். கருவேலங் கழியொன்றைச் செதுக்கி, இரும்பின் கண்ணில் நுழைத்து, ஆப்பு அறைந்து, ஓர் இரவு நீரில் ஊறவைப்பார். மரம் பருத்து இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். "இரும்பையும் பார்க்காதே, மரத்தையும் பார்க்காதே, இரண்டும் சேருகிற இடத்தைப் பாரடா" என்பார். பல ஆண்டுகளுக்குப் பின், கோல்ஃப் மட்டையின் வரலாற்றைப் படிக்கையில் அவர் சொல் என் நினைவுக்கு வந்தது. மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கோல்ஃப் மட்டைக்கு உறுப்புகள் இரண்டு: பந்தை அடிக்கும் தலை, கையில் பிடிக்கும் நீண்ட தண்டு. தலையையும் தண்டையும் பிணைக்கும் கழுத்தைப் பற்றியதே நம் கதை.

அக்கதை ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. 1457-ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்தது. இங்கிலாந்துடன் பகைமை நிலவிய காலம் அது. இளைஞர்கள் விற்பயிற்சியை மறந்து விளையாட்டில் பொழுதைப் போக்குவதை அரசு விரும்பவில்லை. ஆனால் 1502-இல் இரு நாடுகளும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. அதே ஆண்டில் மன்னர் நான்காம் ஜேம்ஸ் தமக்கு மட்டைகள் வாங்கினார் என்று அரண்மனைக் கணக்கேடு கூறுகிறது. யாரிடம் வாங்கினார் தெரியுமா? பெர்த் நகரத்து வில் செய்பவரிடம்! 1603-இல் எடின்பரோ நகரத்து வில் தொழிலாளரான வில்லியம் மேய்ன் என்பவரே அரசருக்கு மட்டை செய்பவராக அமர்த்தப்பட்டார். எந்த வில்லுக்காக இவ்வாட்டம் விலக்கப்பட்டதோ, அந்த வில்லைச் செய்த கைகளே அதற்குக் கருவியும் செய்தன. இதில் வியப்பில்லை. எந்த மரம் வளையும், எது முறியும் என்பதை வில் செய்பவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

அக்காலத்து மரமட்டையில் தலைக்கு ஆப்பிள், பேரி, பீச் போன்ற மரங்களும், தண்டுக்கு ஆஷ் போன்ற மரங்களும் பயன்பட்டன. தலையின் கழுத்தையும் தண்டின் நுனியையும் நீண்ட சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைத்து, வச்சிரத்தால் ஒட்டி, தார் பூசிய நூலை நெருக்கமாகச் சுற்றினர். அடியின் அதிர்ச்சி ஒரே புள்ளியில் தாக்காமல் அந்த நீண்ட சாய்வு முழுவதும் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1856-இல் மறைந்த ஹியூ பில்ப் இவ்வேலையில் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய மட்டைகள் இன்றும் அரும்பொருள்களாகப் போற்றப்படுகின்றன.

இரும்புத் தலைகளைக் கொல்லர்கள் அடித்தார்கள். தலையோடு சேர்ந்து ஒரு குழல் இருக்கும். தண்டின் நுனியைக் கூராக்கி அதனுள் இறுக்கி, குறுக்கே துளையிட்டு ஆணி அறைவர். பழைய குழல்களின் விளிம்பில் ரம்பப்பல் போன்ற வெட்டுகளைக் காணலாம். மரத்தைக் கவ்விப் பிடிப்பதற்கே அவை.

1848-ஐ ஒட்டிப் புதியதொரு பந்து வந்தது. அதுவரை, தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்த பந்தை ஆடினர். இரும்பு பட்டால் அது எளிதில் கிழியும். புதிய பந்தோ, மலாய் நாட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சாவால் ஆனது, கடினமானது. இரும்பு மட்டைகள் பெருகின. கொல்லர் தொழில் செழித்தது. மறுபுறம், நீண்டு மெலிந்த மரத்தலைகள் அந்தப் பந்தைத் தாங்காமல் பிளந்தன. தலைகள் குறுகித் தடித்தன. அமெரிக்காவிலிருந்து வந்த உறுதியான ஹிக்கரி மரம் தண்டாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சாய்வு இணைப்புக்குப் பதிலாக, கழுத்தைத் துளைத்துத் தண்டைச் செருகும் முறை பரவத் தொடங்கியது. வேலை விரைவாயிற்று, சாய்வுச் சீவலின் நுட்பம் மெல்ல மறைந்தது.

பின்னர் எஃகுக் குழாய் வந்தது. பிரிட்டனில் 1929-இல் எஃகுத் தண்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டே அமெரிக்கரான பாபி ஜோன்ஸ், ஹிக்கரித் தண்டுகளைக் கொண்டே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நான்கு பெரும் பட்டங்களை வென்றார். ஆயினும் அவ்வெற்றி ஹிக்கரியைக் காப்பாற்றவில்லை. ஒரே அளவாகக் குழாய்கள் ஆலையிலிருந்து வந்தபோது, கழியைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கைவினைஞருக்கு வேலை இல்லாமற் போயிற்று. பட்டம் வென்றவரின் பெயரை வரலாறு எழுதிவைத்தது. அந்தக் கைவினைஞருள் பெரும்பாலோர் பெயர் நமக்கு எட்டவில்லை.

இன்று தண்டையும் தலையையும் பிணைப்பது, 1940-களில் விற்பனைக்கு வந்த எப்பாக்ஸிப் பசை. அதனால் இவ்வேலையை வீட்டிலேயே செய்ய முடிகிறது. நண்பரொருவர் தந்த தண்டொடிந்த மட்டைக்கு நானும் புதுத்தண்டு பொருத்தினேன். பாட்டனார் பேரன் என்ற செருக்கு எனக்கு! குழலில் படிந்திருந்த பழைய பசையை முழுதும் சுரண்டவில்லை. எஃகு நுனியின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்க்கவுமில்லை. அன்று மாலையே வெற்று நிலத்தில் வீசிப் பார்த்தேன். தலை கழன்று பறந்து வேலியோரம் விழுந்தது. சற்றுமுன் அங்கே ஒரு சிறுவன் நின்றிருந்தான். அந்த நடுக்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

மறுமுறை முறையாகச் செய்தேன். குழலைச் சுரண்டித் துடைத்தேன். நுனியைச் சொரசொரப்பாகத் தேய்த்தேன். பூணை முதலில் மாட்டி, இருபகுதிப் பசையைக் குறித்த அளவில் கலந்து இருபுறமும் பூசி, தண்டைச் சுழற்றிச் செருகினேன். நேராக நிற்கிறதா என்று பார்த்து, ஒருநாள் முழுதும் தொடாமல் விட்டேன். அது கழலவில்லை.

பொருள்கள் மாறின, கழுத்துக்கு உரிய கவனம் மட்டும் மாறவில்லை. உங்கள் வீட்டுச் சுத்தியலையோ கோடரியையோ கையிலெடுங்கள். பிடி எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயர் தெரியாத ஒருவருடைய அறிவு அங்கே இருக்கிறது.