வறண்ட வனத்து மண்ணும் பூசணங்களும்: ஒரு கேள்வியின் சரித்திரம்

வருஷத்திற் பல மாதங்கள் மழையின்றிக் காய்ந்து, மாசி பங்குனியில் இலைகளையெல்லாம் உதிர்த்து, அடிக்கடி தீக்கும் இரையாகின்ற முதுமலை போன்ற உலர் இலையுதிர் வனங்களின் மண்ணில் எத்தனை வகைப் பூசணங்கள் வாழ்கின்றன என்று ஆராயப் புகுவோர், அதற்கு முன்னரே எழுந்த வேறொரு கேள்வியைக் கடந்து செல்ல இயலாது. மண்ணிலிருந்து எடுத்தவை யாவும் அம்மண்ணில் உண்மையாகவே வாழ்ந்துகொண்டிருந்தனவா என்பதே அது.

1886 ஆம் ஆண்டில் அடாமெட்ஸ் என்பார் வயல் மண்ணிலிருந்து சில பூசணங்களைப் பிரித்து வளர்த்ததும், 1902 இல் ஔடமான்ஸ், கோனிங் என்ற இருவர் ஹாலந்து தேசத்துக் காடொன்றின் மக்கிய மண்ணிற் கிடைத்தவற்றை வர்ணித்ததும் இத்துறையின் ஆரம்பம் எனலாம். பின்னர் வழக்கில் நிலைபெற்ற உபாயம் எளியது: சிறிது மண்ணை நீரிற் கரைத்து, அதனை மேலும் மேலும் நீர்த்து, ஊட்டம் கலந்த தட்டில் ஊற்றி, வளர்ந்து வருவதை எண்ணுவது. ஆயினும் காற்றில் மிதந்து வந்து மண்ணில் விழுந்து உறங்கும் வித்தும், மண்ணுக்குள் இழையோட்டி உழைக்கும் பூசணமும் அத்தட்டில் ஒன்றுபோலவே காட்சி தருமாதலால், பூசணங்கள் மண்ணில் வாழ்ந்து இழை விடுகின்றனவா என்ற வினாவையே 1916 இல் வாக்ஸ்மன் தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். (பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசினாற் புகழ் எய்தியவரும் இவரே.) மண்கட்டியைக் கரைக்காது அப்படியே தட்டில் வைத்தால், முன்னரே உயிரோடிருக்கும் இழையானது வித்து முளைக்குமுன் வெளியே நீண்டுவிடும் என்ற யுக்தியைக் கொண்டு, சில பூசணங்களேனும் மண்ணின் மெய்யான குடிகள் என்று அவர் நிறுவினார்.

இவ்வளவு ஆன பின்னும், தட்டை எண்ணிப் பட்டியலிடும் வழக்கம் ஓய்ந்தபாடில்லை. 1955 இல் வார்கப், தட்டில் தோன்றும் பூசணக் கூட்டங்கள் ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடிப் பார்த்து, பெரும்பாலானவை வித்திலிருந்தே எழுந்தவை என்று காட்டினார். மண்ணிலிருந்து இழைகளையே பொறுக்கி வளர்த்தபோதோ, தட்டில் தலைகாட்டாத இனங்கள் வெளிப்பட்டன. வெப்ப தேசத்து மண்ணில் அஸ்பர்ஜில்லஸும் குளிர்ந்த மண்ணில் பெனிசிலியமும் மிகுதி என்று பாடநூல்கள் ஓதிவந்த விதியில், மண்ணின் இயல்பு எவ்வளவு, வித்தை வாரியிறைக்கும் அவ்விரண்டின் சுபாவம் எவ்வளவு என்று ஐயுற வேண்டியதாயிற்று.

இந்தியாவை நோக்கினால், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை வைக்கோலைப் பூசணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும் வரிசையை ஆராய்ந்து 1939 இல் வெளியிட்ட டி. எஸ். சதாசிவன், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பருத்தி வாடல் நோய்ப் பூசணத்தை மண்ணிலேயே தொடர்ந்து ஆராய ஒரு மரபை உண்டாக்கினார்; சி. வி. சுப்பிரமணியன் 1971 இல் வெளியிட்ட ‘ஹைபோமைசீட்ஸ்’ என்னும் நூல் இந்தியப் பூசணங்களை இனங்காண்பதற்குப் பெருந்துணையாயிற்று. எனினும் சதாசிவனின் நாட்டம் பயிர் நிலத்தின் மீதே. காட்டு மண் காத்திருந்தது.

வறண்ட வனத்திலோ, உறங்கும் வித்தை வெறும் விருந்தாளி என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். காய்ந்த மண் நனைந்தவுடன் மக்குதல் திடீரெனப் பொங்கியெழுவதைக் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணைக் கொண்டு 1958 இல் பர்ச் விளக்கினார்; அப்பொங்கலில் பங்குகொள்ளும் பூசணம் கோடை முழுதும் உறங்கியே இருந்திருக்கக்கூடும். 2011 இல் டி. எஸ். சூரியநாராயணனும் உடன் ஆராய்ந்தோரும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து, 100 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட உலர் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தும் சாகாத வித்துகளைக் கண்டு, அவற்றுக்கு அக்கினியின் பெயரையே சூட்டினர். தீ பரவும் காட்டில் இத்தகைய உறக்கமும் வாழ்க்கையின் ஒரு கூறே.

தட்டு முறையின் கண்ணில் அகப்படாத கூட்டம் ஒன்றும் உண்டு. தேக்கு முதலிய உலர்வன மரங்கள் பலவற்றின் வேருக்குள் கிளைத்து வாழும் ஆர்பஸ்குலர் மைக்கோரைசாப் பூசணங்கள், உயிருள்ள வேரின்றித் தட்டில் வளரமாட்டா. மண்ணைச் சல்லடையில் அலசி அவற்றின் பெரிய வித்துகளைத் திரட்ட 1963 இல் ஜெர்டிமனும் நிக்கல்சனும் வழிகாட்டினர்.

இறுதியில் டி.என்.ஏ. தொடர்வரிசையைப் படிக்கும் முறை வந்து, உலகெங்கும் 365 இடங்களின் மண்ணிலிருந்து 80,000க்கு மேற்பட்ட பூசண வகைகளை 2014 இல் ஓர் ஆய்வுக் குழு பிரித்துக் காட்டிற்று. ஆனால் மண்ணிற் கிடைக்கும் நுண்ணுயிர் டி.என்.ஏ.வில் சராசரியாக 40 சதவீதம் இறந்தவற்றின் எச்சமே என்று 2016 இல் வேறொரு குழு கண்டபோது, வாக்ஸ்மனின் வினா சரியாக நூறு வருஷம் கழித்து மீண்டும் வாசலில் வந்து நின்றது. முதுமலையிற் கோடை மண்ணை மட்டும் அள்ளி வந்து வகைகளை எண்ணுவோர், முதல் மழை பெய்த பின் அதே இடத்து மண்ணையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாலன்றி, உறங்கியது எது, இறந்தது எது என்று பிரித்தறிய இயலாது.