கலவையும் கலப்படமும்: பிரெஞ்சுச் சிவப்பு ஒயினின் வரலாறு

சந்தனத்தோடு குங்குமப்பூவும் பச்சைக் கர்ப்பூரமும் சேர்ந்தால் அது கலவை; பாலோடு நீர் சேர்ந்தால் அது கலப்படம். செயல் ஒன்றே, பெயர் மட்டும் வேறாகிறது. இவ்விரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்ற வினா, பிரான்சு நாட்டில் சிவப்பு ஒயினை முன்வைத்து எழுந்து, தெருவில் குருதி சிந்தும் அளவுக்கு முற்றியது.

போர்தோ வட்டாரத்தில் கலவை பிறந்ததற்கு வானிலையே முதற்காரணம் எனலாம். மெர்லோ திராட்சை முந்தித் துளிர்த்து முந்திக் கனியும். இளவேனிற் பனி அதைக் கருக்கிவிடக் கூடும். கபர்னே சொவிஞ்ஞோன் பிந்திக் கனியும். இலையுதிர்கால மழை அதைக் கெடுத்துவிடக் கூடும். இரண்டையும் பயிரிட்டவர் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்றால் பிழைத்தார். மெதோக்கின் கூழாங்கல் நிலத்தில் கபர்னேயும், பொமரோலின் களிமண்ணில் மெர்லோவும் மேலோங்கின.

வணிகமும் கலவையை வளர்த்தது. 1152இல் அக்கித்தேன் நாட்டு எலியனோர், பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அது முதல் 1453 வரை பெரும்பாலும் ஆங்கில ஆட்சியில் இருந்த போர்தோவுக்கு இங்கிலாந்து நெடுங்காலச் சந்தையாயிற்று. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், ஆங்கிலேயரின் சுவைக்கேற்ப வணிகர்கள் ரோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாஜ் ஒயினைப் போர்தோவுடன் சேர்த்து வலுவூட்டினர். அன்று அதை எவரும் குற்றமென்று மறைக்கவில்லை. சிறப்பென்று சொல்லியே விற்றனர்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்சரா என்னும் பூச்சி திராட்சை வேர்களை அழிக்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. ஒயின் அருகியபோது, உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்தும் சர்க்கரையைக் கரைத்தும் செய்த பானங்கள் ஒயினாக விற்கப்பட்டன. அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டித் தோட்டங்கள் மீண்ட பின்னரும் போலிகள் நின்றபாடில்லை. விளைச்சல் பெருக்கமும் சேர்ந்துகொள்ள விலை வீழ்ந்தது. 1907இல் லாங்தோக் உழவர்கள் மார்செலின் ஆல்பெர் தலைமையில் திரண்டனர். அவ்வாண்டு ஜூனில் நார்போன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அம்மாத இறுதியிலேயே, நீரும் சர்க்கரையும் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

ஆயினும், எது கூடாது என்று சொன்ன சட்டம் எது ஒயின் என்று முழுமையாகச் சொல்லிவிடவில்லை. அதைச் செய்தவர்கள் ஷத்தோநெஃப்-தியு-பாப் ஊரின் உழவர்கள். வழக்கறிஞரும் தோட்டக்காரருமான லெ ருவா பிரபுவின் முயற்சியால் 1923 முதல் அவர்கள் நில எல்லை, திராட்சை வகை, சாராய அளவு ஆகியவற்றை வரையறுத்தனர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை நாடு முழுமைக்கும் விரித்தது. இதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு: கலப்பதை அவர்கள் தடுக்கவில்லை. தம் ஒயினுக்குப் பதின்மூன்று வகைகளை அவர்களே அனுமதித்தனர். கலக்கும் பொருள் அந்த மண்ணில் விளைந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் இட்ட கோடு.

உணவோடு பொருத்தும் மரபும் இந்த மண்ணையொட்டியதே. கபர்னே மிகுந்த ஒயினில் பாக்கைப் போன்ற துவர்ப்பு உண்டு. அத்துவர்ப்பு உமிழ்நீரின் புரதத்தைப் பற்றி நாவை வறளச் செய்வது. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் சேர்கையில் அது தணிகிறது. எனவேதான் போயாக் ஊரின் ஒயினுக்கு அவ்வூர் ஆட்டுக்குட்டி இறைச்சி இணையாயிற்று. கிரெனாஷ் மேலோங்கிய தெற்கத்திக் கலவையோ துவர்ப்பில் மென்மையானது. ஒயினிலும் மூலிகையிலும் நெடுநேரம் வெந்த 'தோப்' என்னும் மாட்டிறைச்சிக் குழம்போடு அது நன்கு பொருந்தும்.

புவி வெப்பமடைவதைக் கருதி 2021இல் போர்தோ நான்கு புதிய சிவப்புத் திராட்சை வகைகளை ஏற்றது. போர்ச்சுகலின் தூரிகா நாசியோனலும் அவற்றுள் ஒன்று. எனினும் கலவையில் அவற்றின் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது. வானிலைக்கு அஞ்சிப் பிறந்த கலவை, அதே அச்சத்தால் இன்று தன் கோட்டைச் சற்றே நகர்த்திக்கொண்டிருக்கிறது.