பூச்சியம் காட்டிய பதிவேடு

1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. பணிசெயல் முறைமையுடன் கணனியின் செயற்றிறனை அளந்து பதியும் கருவியொன்றும் வழங்கப்பட்டது. ஆயினும் வன்தட்டின் வேலைச்சுமையை அதில் நோக்கியோர் கண்டது பூச்சியமே. வன்தட்டு ஓய்ந்திருக்கவில்லை, அதனை அளக்கும் எண்ணிகளே நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு வாசிப்பையும் எழுத்தையும் நேரங்குறித்துக் கணக்கிடுவது அன்றைய 386 செயலிக்குச் சுமையாகும் என்பதே காரணம். 'டிஸ்க்பேர்ஃப்' என்னும் கட்டளையைக் கொடுத்துக் கணனியை மீள இயக்கிய பின்னரே எண்கள் தோன்றின. சுமையைத் தவிர்த்தமை நியாயமே. அளக்கப்படாததைப் பூச்சியமெனக் காட்டியமைதான் பிழை. வெற்றிடமாக விட்டிருப்பின் நோக்குவோர் காரணந் தேடியிருப்பர்.

பதிவு வேறொரு வகையிலும் அறுந்தது. கருவி சாதாரண செய்நிரலாக இயங்கியமையால், நிருவாகி கணனியிலிருந்து வெளியேறியதும் அதுவும் நின்றது. இரவில் நேர்ந்த தடங்கலுக்குக் காலையிற் சான்றில்லை. விண்டோஸ் 2000 இலேயே பதிவு பின்னணிச் சேவையாயிற்று. முழு வன்தட்டையும் அளக்கும் எண்ணிகள் அதில் தாமாகவே இயங்கின. அதன் பிரிவுகளை அளப்பவற்றுக்கோ பழைய கட்டளையே வேண்டியிருந்தது.