மலையகத்தில் கட்டுமானக் காணி: பட்டிப்பொல வட்டாரம்

பட்டிப்பொல, இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் வழியில் உள்ள சிற்றூர். நாட்டில் மிக உயரத்தில் அமைந்த ரயில் நிலையம் இங்குள்ளது. சுற்றுலாப் பயணிகள் கடந்து செல்லும் இடமாதலால் கடை, விடுதி, வீடு மூன்றும் ஒரே காணியில் அமைய ஏற்ற ஊராகத் தோன்றும். ஆனால் வாங்கக் கிடைக்கும் தனியார் காணி இங்கே குறைவு. சுற்றிலும் காடு, பண்ணை, தோட்டம் எனப் பெரும்பகுதி அரசின் உடைமை.

உடைமையின் வரலாறு

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தை முடிக்குரியதாகக் கொண்டது. அவ்வாறு சேர்ந்த மலைகளைப் பிரித்தானிய அரசு கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு விற்றது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்காமல் விடுமாறு ஆலோசனை கூறினார். பட்டிப்பொல 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராகவும் வயலை 25 ஏக்கராகவும் வரையறுத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் சென்றது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டது. நிலத்தின் உரிமை அரசிடமே நின்றது.

வாங்கும் முறை

காணி பேர்ச்சில் அளக்கப்படும்: ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர். கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதியாக (உரிமைப் பத்திரமாக) எழுதப்பட வேண்டும். அதற்கு முன் காணிப் பதிவகத்தில் வழக்கமாக 30 ஆண்டுப் பதிவுகள் தேடப்படும். நில அளவையாளர் எல்லைகளைச் சரிபார்ப்பார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் மூலம் வழங்கப்பட்ட அரச காணியாயின் நிபந்தனைகள் உண்டு. அனுமதிப் பத்திரத்தை உறுதி என்று நம்பிப் பணம் கொடுத்தால் வாங்குபவருக்கு உரிமை வராது.

வெளிநாட்டவர் காணியை உரித்தாக வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, குத்தகை எடுக்கலாம்.    

கட்டிட அனுமதி

கட்டிட வரைபடத்தை உள்ளூராட்சி மன்றம் அங்கீகரிக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் கேட்கப்படும். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதையுண்டன. அந்த அறிக்கையை வெறும் சம்பிரதாயமாகக் கருதக்கூடாது என்பதற்கு அத்துயரமே சான்று. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் செய்யும் அபிவிருத்திக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல ஒப்புதலும் தேவை.

தோட்ட மக்களின் காணி உரிமை

இம்மலைகளைத் தோட்டமாக்கிய உழைப்பு, 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்தவர்களுடையது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிலும் அவர்களின் வழித்தோன்றல்களிலும் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தலைமுறைகளாக வாழ்ந்த லயக் காம்பராவும் அவர்கள் பெயரில் இல்லை. வீட்டுத் திட்டங்கள் சிலவற்றில் குடும்பத்திற்கு 7 பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி, ஒதுக்கப்பட்டது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்தின் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

பதிவு செய்த உறுதி கையில் இருந்தால்தான் வீட்டை ஈடுவைத்துக் கடன் பெறவும், முன்புறத்தில் ஒரு கடை கட்டவும், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் முடியும். தோட்டக் காணியை வேறு பயனுக்குத் திருப்பும் எந்தத் திட்டமும் அங்கே குடியிருப்போர் பெயரில் உறுதி எழுதுவதிலிருந்தே தொடங்க வேண்டும்.