மின்கடத்தி: அல்சூர் மூன்றாம் தண்டவாளம் வரை

மின்னோட்டத்தைத் தன் வழியே எளிதில் போகவிடும் பொருள் மின்கடத்தி. பெங்களூரு அல்சூர் மெட்ரோ நிலையத்தில் (திறப்பு 2011) ரயில் ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூடிபோட்டு மூன்றாம் தண்டவாளம் ஒன்று நீண்டு கிடக்கும். 750 வோல்ட் நேர்மின்சாரம் அதில்தான் வருகிறது. அதன் உடல் அலுமினியம். மின்சாரத்தை எடுக்கும் ரயிலின் 'ஷூ' உரசும் முகம் மட்டும் எவர்சில்வர்: கடத்துவதில் மட்டம், ஆனால் சீக்கிரம் தேயாது.

எது கடத்தும், எது கடத்தாது என்று முதலில் பிரித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே. 1729இல் நீண்ட சணல் கயிற்றைப் பட்டு நூல்களில் தொங்கவிட்டு, அதன் வழியே மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். பட்டு அறுந்தது. அதற்குப் பதில் மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினால் மறுமுனைக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை. எல்லாம் கம்பி வழியே கட்டடத்துக்குள் இறங்கிவிட்டது. பட்டு மின்சாரத்தைக் கசியவிடாதது மெலிவாக இருந்ததால் அல்ல, பட்டாக இருந்ததால். சணல் கடத்தியதும் அதில் ஊறியிருந்த ஈரத்தின் புண்ணியம்.

காரணம் விளங்க மேலும் இருநூறு ஆண்டுகள் பிடித்தன. உலோக அணுக்களின் வெளி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன. பீங்கானிலும் ரப்பரிலும் அவை கட்டுண்டு கிடக்கின்றன. ஏன் இந்த வேறுபாடு என்பதைக் குவாண்டம் விதிகளால் 1931இல் விளக்கியவர் ஆலன் வில்சன்.

மைசூர் சமஸ்தானம் அதுவரை காத்திருக்கவில்லை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுமார் 147 கி.மீ. தூரம் செம்புக் கம்பி இழுத்தது. தோண்டப்போன தங்கமோ கடத்துவதில் செம்புக்கு ஒரு படி கீழே! அதே சிவசமுத்திர மின்சாரத்தில் 1905இல் பெங்களூரு தெருவிளக்குகள் எரிந்தன. பின்னாளில் மின்பாதைகளில் செம்பின் இடத்தை அலுமினியம் பிடித்தது. ஒரே பருமனில் அது செம்பில் சுமார் 60 விழுக்காடுதான் கடத்தும்; எடையோ மூன்றில் ஒரு பங்கு, விலையும் குறைவு.

திரவங்களின் கதை வேறு. சுத்த நீர் கரண்டை அநேகமாகக் கடத்தாது. அல்சூர் ஏரி நீர் கடத்தும். அதில் கரைந்த உப்புகளின் அயனிகளே அங்கே மின்னூட்டத்தைச் சுமக்கின்றன. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியில் கரியும் உப்பும் மாறிமாறிக் கொட்டுவது இதனால்தான்: உப்பு அயனிகளைத் தரும், கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். கோடையில் குழி காய்ந்தால் எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்.