உப்புமீன் கீரைச்சட்டிக்கு வந்த வழி

ஜமைக்காவில் கீரையும் உப்புமீனும் சேர்த்து வதக்குவது வீட்டுக்கு வீடு நடக்கும் காலைச் சமையல். கலலூ என்று அவர்கள் சொல்லும் கீரை நம் ஊர்க் குப்பைக்கீரைதான். ஆனால் அதோடு வேகும் காட் மீன் அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலில் கிடையாது. அது வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழ்வது. வெப்பத் தீவின் அடுப்படிக்கு அது வந்து சேர்ந்த பாதை நீளமானது.

தொடக்கம் நார்வேயின் லோஃபோடன் தீவுகள். வைக்கிங்குகள் காலத்திலேயே அங்கே காட் மீனைத் துளி உப்பில்லாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். குளிர்காற்றில் அது விறகுக்கட்டையாகிவிடும். அந்த வெள்ளைச் சதையில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதனால் மத்தியைப்போலச் சிக்கு வாடை அடிக்காமல் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைக் கடலோரத்தில் வாழ்ந்து திமிங்கில வேட்டைக்குப் போன பாஸ்க் மக்கள் இதோடு உப்பைச் சேர்த்தார்கள். உப்பு சதையிலிருந்து நீரை இழுத்துவிட, அழுகவைக்கும் நுண்ணுயிர்களுக்குப் பிழைக்க வழியில்லை. அன்றைய கத்தோலிக்க ஐரோப்பாவில் தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி கூடாது, மீன் கூடும். கேட்க வேண்டுமா? கெடாத மீனுக்குச் சந்தை தயாராகக் காத்திருந்தது.

1497-இல் ஜான் கேபட் ஆசியாவைத் தேடி இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து மேற்கே கப்பல் விட்டார். ஆசியா கிடைக்கவில்லை, வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கத்துக் கடல் கிடைத்தது. கல்லைக் கட்டிக் கூடையை இறக்கினாலே மீன் நிறைந்து வருகிறது என்ற செய்தி அந்த ஆண்டே மிலான் அரண்மனைக்குக் கடிதமாகப் போனது. போர்ச்சுகல், பிரான்ஸ், இங்கிலாந்து என எல்லா நாட்டுப் படகுகளும் அங்கே விரைந்தன.

போர்ச்சுகலுக்கும் பிரான்சுக்கும் வெயிலில் விளையும் கடலுப்பு தாராளம். இங்கிலாந்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஆங்கிலேயர் குறைவாக உப்பிட்டு, கரையில் பரண் கட்டி, வெயிலிலும் காற்றிலும் நன்றாகக் காயவைத்தார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த இந்த வழக்கம் பெரிய ஆதாயமானது. இப்படி உலர்ந்த மீன் வெப்ப நாடுகளுக்கும் கெடாமல் போகும்.

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய நியூ இங்கிலாந்தின் வணிகர்களும் அதே வழியில் இறங்கினார்கள். தரம் பிரித்தபோது நல்ல மீன் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. உடைந்ததும், சரியாகக் காயாததும், உப்பு மிஞ்சியதும் கரீபியக் கரும்புத் தோட்டங்களுக்குப் போயின. அங்கே அடிமைகளாக வதைபட்ட ஆப்பிரிக்க மக்களுக்குத் தோட்ட முதலாளிகள் அளந்து கொடுத்த உணவு அதுதான். திரும்பும் கப்பலில் வெல்லப்பாகு வந்தது. அது பாஸ்டனில் ரம் ஆயிற்று. அந்த ரம்மில் ஒரு பங்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மேலும் மனிதர்களை வாங்கியது. இவ்வாறு சேர்ந்த செல்வத்தின் அடையாளமாக, மரத்தில் செதுக்கிய காட் மீன் ஒன்று மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் இன்றும் தொங்குகிறது.

கீரையின் வழி வேறு. மேற்கு ஆப்பிரிக்கச் சமையலில் கீரையும் உலர்ந்த மீனும் பழைய கூட்டாளிகள். ஜமைக்காவில் அடிமைகள் தங்கள் உணவைத் தாங்களே விளைவித்துக்கொள்ள, கரும்புக்கு உதவாத மேட்டு நிலத்தில் துண்டு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கிழங்கும் கீரையும் பயிரிட்டு, மிஞ்சியதைச் சந்தையில் விற்றார்கள். அமெரிக்க விடுதலைப் போரால் உணவுக் கப்பல்கள் தடைபட்டு, புயல்களும் தாக்கிய 1780-களில், ஜமைக்காவில் சுமார் 15,000 அடிமைகள் பட்டினியாலும் அதையொட்டிய நோய்களாலும் மாண்டதாக அக்காலக் கணக்கு சொல்கிறது. அந்தத் துண்டு நிலத்தின் மதிப்பு அப்படிப்பட்டது.

இன்றைய சமையலில் முதல் வேலை உப்பை இறக்குவது. மீனை இரவு முழுக்க ஊறவைத்து, நீரை மாற்றிக் கொதிக்கவிட்டு, முள் நீக்கி உதிர்ப்பார்கள். கீரைத்தண்டின் நாரை உரித்து நறுக்குவார்கள். வெங்காயம், பூண்டு, தைம் இலை, தக்காளி, காரமான ஸ்காட்ச் பானெட் மிளகாய் வதங்கியதும் கீரையையும் மீனையும் போட்டு மூடினால், கீரை விடும் நீரிலேயே எல்லாம் வெந்துவிடும். மீனில் தங்கிய உப்பே பெரும்பாலும் போதும். பக்கத்தில் அவித்த வாழைக்காய் இருக்கும்.

அளவின்றிப் பிடித்ததில் காட் வளம் சரிந்து, 1992-இல் கனடா நியூஃபவுண்ட்லாந்தில் காட் பிடிக்கத் தடை போட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இன்று உப்புமீன் என்று விற்பதில் பொல்லாக், ஹேக் போன்ற மீன்களும் உண்டு. மீன் மாறியும் சமையல் மாறவில்லை. இந்த உணவுக்கான பெருமை சேர வேண்டியது கப்பல்காரர்களுக்கோ வணிகர்களுக்கோ அல்ல. கழித்துத் தள்ளிய மீனைத் தங்கள் கையால் வளர்த்த கீரையோடு சேர்த்து ருசி கண்ட அந்த மக்களுக்கே.